பன்னிரண்டு நிமிஷப் படமும் தீர்ந்துபோன பேட்டரியும்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்றுதான் முதல் தாளில் ஆரம்பித்தேன். எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு எடுத்த இரண்டாவது தாள் இது. தங்கள் முழங்கால் வீக்கம் வடிந்திருக்க வேண்டும், அக்காவின் ரத்த அழுத்தம் ஒரு நிலைக்கு வந்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது அது அப்படியே நிற்கட்டும்.

பேப்பரில் வந்ததைப் பார்த்துவிட்டுத் தாங்கள் போன் செய்தீர்கள். “என்னய்யா இது” என்று ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். மறுபடி நான் கூப்பிட்டபோதும் அதே கதைதான். ஆகவே கடிதம். கடிதத்தைத் தாங்கள் பாதியில் வைத்தாலும் அக்கா எடுத்துப் படித்துவிடுவாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சின்னவள் வேலைக்காக இந்த ஊருக்கு வந்து என் வீட்டில் தங்கியபோது, “அவளைக் கண்ணுல வச்சுப் பார்த்துக்கய்யா” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். வைத்தேன். கண்ணில் வைத்தது போதாமல் கேமராவிலும் வைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பம். பகலெல்லாம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சீசாக்களைக் குலுக்கிக்கொண்டிருந்தவள், மாலையில் ஒரு குழுவோடு சேர்ந்துகொண்டாள். பூமி சூடாகிறது, கரி எரிப்பதைக் குறையுங்கள் என்று தெருவில் நின்று சொல்கிற குழு. அனல் மின் நிலையத்துக் கொதிகலனுக்கு முப்பது வருஷமாகக் கரி ஊட்டிய மனிதரின் மகள் இப்படிச் செய்யலாமா என்று தாங்கள் அவளோடு பேச்சை நிறுத்தி நாலு மாசம் ஆகிறது. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அவர்களுக்குப் படம் எடுக்க ஆள் இல்லை என்றாள். நான் பென்ஷன்காரன், தனிக்கட்டை, கேமரா அலமாரியில் தூங்குகிறது. “சும்மாதான மாமா இருக்கீங்க” என்றாள். உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? கோபத்தில் சரி என்றுவிட்டேன்.

நான் முப்பத்தோரு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் படம் எடுத்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். நசுங்கின கார், எரிந்த கிடங்கு, தண்ணீர் புகுந்த துணிக்கடை. நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். எதுவும் அசையாது, எதுவும் பேசாது. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து நாலு கோணத்தில் நாலு படம் எடுத்தால் வேலை தீர்ந்தது. உயிருள்ளவர்களைப் படம் எடுத்த அனுபவம் எனக்கு ஒன்றே ஒன்றுதான், அது தங்கள் கல்யாணம். அந்த ஆல்பத்தைப் பற்றி அக்கா இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதல் நிகழ்ச்சி சைக்கிள் ஊர்வலம். நூற்றைம்பது பேர் வந்தார்கள். நான் எடுத்த அறுபது படங்களில் ஐம்பத்திரண்டில் மட்கார்டு நசுங்கலும் கைப்பிடி கோணலும்தான் விழுந்திருந்தன. கை பழகிவிட்டது, என்ன செய்வது? அடுத்தது, வற்றிப்போன ஏரிக்குள் கைகோத்து நின்றார்கள். நான் வெடித்த மண்ணில் அளவுகோலை வைத்து வெடிப்பின் அகலத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். சின்னவள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “மாமா, மனுஷங்களையும் கொஞ்சம் எடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

எடுக்கக் கற்றுக்கொண்டேன். வீடியோவும் பழகினேன். அங்கேதான் எனக்கு இன்னொரு வியாதி பிடித்தது. பதாகையை நிமிர்த்திப் பிடிங்க என்றால் நிமிர்த்துகிறார்கள். லாரி சத்தத்தில் கோஷம் சரியாக விழவில்லை, இன்னொரு தரம் போடுங்க என்றால் போடுகிறார்கள். கொஞ்சம் கோபமாகப் பாருங்க என்றால், பாவம், ஏற்கெனவே கோபமாக வந்தவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறார்கள். நசுங்கின கதவுகளோடு ஆயுசைக் கழித்தவனுக்கு, தான் சொன்னால் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்புவது என்ன போதை தெரியுமா அத்தான்? குழுவில் எனக்கு ‘டைரக்டர்’ என்று பெயர் வைத்தார்கள். கேலிக்குத்தான் வைத்தார்கள். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். போன கோடையில் ஒரே வாரத்தில் இந்த ஊரில் பன்னிரண்டு பேர் வெயில் தாக்கி இறந்தார்கள். அவர்கள் நினைவாகப் பன்னிரண்டு பேர், உச்சி வெயிலில், மின்வாரியத் தலைமை அலுவலகத்தின் முன்னால் தார் ரோட்டில், தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு பன்னிரண்டு நிமிஷம் படுத்திருப்பது என்று ஏற்பாடு. துணிகளைத் தைத்துக் கொடுத்தவர் எங்கள் தெருமுனைத் தையல்காரர். அறுபத்து நாலு வயசு. இறந்துபோன பன்னிரண்டு பேரில் ஒருவர் அவருடைய தகரக் கூரைக் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அம்மாள். அதனால் இவராகவே வந்து, நான் தைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். காற்றில் துணி பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் சின்னப் பை வைத்துத் தைத்து, உள்ளே கூழாங்கல் போட்டிருந்தார். யாரும் கேட்காமல் செய்த வேலை. அவற்றைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் அன்றைக்கு வந்தார்.

படுக்க வேண்டிய பன்னிரண்டு பேரில் ஒருத்திக்குக் காய்ச்சல், வரவில்லை. பதினொரு பேர் வரிசையாகப் படுத்தார்கள். கேமராவில் பார்த்தால் நடுவில் பல் விழுந்த மாதிரி ஓர் ஓட்டை. அதை நான் வாய்விட்டுச் சொன்னேன். ஓரமாக நின்ற தையல்காரர், “நான் வேணா படுக்கட்டுமா?” என்றார். சின்னவள் வேண்டாம் என்றாள், வயசைச் சொல்லித் தடுத்தாள். “பன்னெண்டு நிமிஷம்தானம்மா, கடையில இதைவிடச் சூடு” என்றார் அவர். கழுத்தில் டேப் தொங்கியது. அது இருக்கலாமா என்று என்னிடம் கேட்டார். எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சொன்னேன். சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிச் சேர்த்து வைத்துவிட்டுப் படுத்தார். தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நின்ற இரண்டு தொண்டர்களையும் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் போகச் சொன்னேன். பிளாஸ்டிக் குடம் படத்தில் விழுந்தால் பூமியைக் காப்பாற்ற வந்தவர்களைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் இல்லையா? சின்னவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு அலுவலக வாசலைப் பார்த்து நின்றாள். படுத்திருந்தவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால்; கூடியிருந்த கூட்டமும் அவளையும் வாசலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களைப் பார்த்து நின்றவன் நான் ஒருவன்தான்.

பன்னிரண்டு நிமிஷம் முடிந்து விசில் அடித்தாள். பதினொரு துணிகள் எழுந்தன. ஒன்று எழவில்லை. கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். என்ன ஈடுபாடு பாருங்கள் என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. சின்னவள்தான் ஓடி வந்து துணியை விலக்கினாள். முகம் எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன். ஆம்புலன்ஸ் வரப் பத்தொன்பது நிமிஷம். அதுவரை அவள் அவர் தலையை மடியில் வைத்து, ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துணியை விலக்குவதற்குச் சில நிமிஷம் முன்பே மூச்சு நின்றிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பேப்பரில் தாங்கள் படித்ததுதான். ‘விளம்பரத்துக்காக முதியவரை வெயிலில் கிடத்திக் கொன்ற குழு.’ விசாரணை அதிகாரி சின்னவளைத் தினமும் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். கவனக் குறைவால் மரணம் என்று வழக்குப் போடப் பார்க்கிறார்கள். உடம்புக்கு முடியாதவர்கள் கையை வெளியே நீட்டித் தூக்க வேண்டும் என்று மூன்று தடவை மைக்கில் சொன்னதாக இவள் சொல்கிறாள். சொல்லியிருக்கலாம். ஒலிபெருக்கி இரைச்சலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கூட வந்தவர்களில் பாதிப் பேர் ஊரை விட்டே போய்விட்டார்கள், மீதிப் பேர் ஞாபகம் இல்லை என்கிறார்கள். இவள் சாப்பிடுவதில்லை. வீட்டுக் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். திடீரென்று, “அவர் ஏன் மாமா கையைத் தூக்கல?” என்கிறாள். நாளுக்கு இருபது தடவை. “நீங்க அந்தப் பக்கம்தான நின்னீங்க. தூக்கினாரா?” நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு வெளியே நடப்பது தெரியாது என்று விளக்கமும் சொன்னேன்.

வீடியோவில் இருக்குமே என்று தாங்கள் கேட்கலாம். அதிகாரியும் கேட்டார். அங்கேதான் என் துரதிர்ஷ்டம். நாலாவது நிமிஷம் கேமரா பேட்டரி தீர்ந்துபோய்விட்டது. பழைய பேட்டரி அத்தான். வெயிலில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், குளிரிலும் இறங்கும், ரொம்ப நாள் சும்மா வைத்திருந்தாலும் இறங்கும், அடிக்கடி ஏற்றினாலும் இறங்கும். முந்தின நாள் ஏற்ற மறந்தேனா, ஏற்றும்போது கரண்ட் போனதா என்று நினைவில்லை. மாற்றுப் பேட்டரி வீட்டில் இருந்தது, அல்லது அதுவும் கெட்டுப்போயிருந்தது. படுத்த பிறகு எடுத்த நாலு நிமிஷத்தைத் தனியாகப் பிரித்து அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். அதில் பன்னிரண்டு வெள்ளைத் துணிகளைத் தவிர ஒன்றும் இல்லை. பேட்டரியைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

வியாழக்கிழமை தையல்காரர் வீட்டுக்குப் போனேன். கடைக்குப் பின்னால் ஒரே அறை. தையல் மெஷினில் பாதி தைத்த பள்ளிச் சீருடை ஊசியோடு அப்படியே நின்றது. அவர் மனைவி எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கடைசியில் கஷ்டப்பட்டாரா என்று கேட்டார். இல்லை, அசையவே இல்லை, தூங்குகிற மாதிரிதான் போயிருக்கிறார் என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். அந்தச் சீருடைக்குரிய பெண் திங்கட்கிழமை வருவாள், அவளுக்கு என்ன சொல்வது என்று கேட்டார். அதற்கும் ஒரு பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று மறந்துவிட்டது.

ஆகவே அத்தான், நான் சொல்ல வந்தது இதுதான். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. ஏற்பாட்டில் தன் தவறு என்று ஒப்புக்கொண்டு இவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், பெரியவர் ஒருவர் கூட வந்து பொறுப்பேற்றால், வழக்கைச் சின்னதாக முடித்துவிடலாம் என்கிறார். பரிசோதனைக் கூடத்து வேலை போகும். போகட்டும், வேறு வேலை கிடைக்காதா? தாங்கள் உடனே புறப்பட்டு வந்து அவளைச் சம்மதிக்கவைத்து, கையெழுத்து வாங்கி, ஊருக்கு அழைத்துப் போய்விடுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள். தாங்கள் நாலு மாசம் கழித்துப் பேசுகிற முதல் வார்த்தை என்றால் கட்டாயம் கேட்பாள். நானும் கேமராவை விற்றுவிடப் போகிறேன். இனி எந்தக் கூட்டத்துக்கும் போகமாட்டேன் என்று தங்கள் மீது ஆணையாகச் சொல்கிறேன்.

அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பெரியவள் வீட்டுக் குழந்தைக்கு என் ஆசிகள்; அது முட்டி போட ஆரம்பித்துவிட்டதாமே. தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் காலை நீட்டி உட்கார இடம் பிடித்து வரவும். தங்கள் வரவை எதிர்பார்த்து வாசலிலேயே இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத மைத்துனன்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டும் நேரத்தில் சின்னவள் ஒரு தாளோடு வந்தாள். அதிகாரி எழுதிக் கொடுத்த வாக்குமூலம். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள் என்றாள். மூன்றாவது வரியில், ‘உடல்நலம் குன்றினால் கையை உயர்த்த வேண்டும் என்று நான் எவருக்கும் அறிவுறுத்தவில்லை’ என்று இருந்தது. நீ சொன்னாயே அம்மா என்றேன். “சொன்னேனான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு மாமா. சொல்லியிருந்தா அவர் தூக்கியிருப்பார்ல?” என்றாள்.

அத்தான், பேட்டரி தீரவில்லை. அது புதுப் பேட்டரி. போன மாசம்தான் வாங்கினேன். அவள் மைக்கைக் கையில் எடுத்ததிலிருந்து விசில் அடித்து, துணியை விலக்கியதுவரைக்கும் முழுசாக எடுத்திருக்கிறேன். அவள் மூன்று தடவை சொன்னதும் இருக்கிறது. “வீராப்பு காட்ட வேணாம், முடியலைன்னா உடனே கையைத் தூக்குங்க” என்று கணீரென்று விழுந்திருக்கிறது. ஏழாவது நிமிஷத்தில் துணிக்கு வெளியே ஒரு கை வந்து உயர்ந்ததும் இருக்கிறது. முழங்கைவரை தூக்கினார். அப்போது ஒரு குரல் கேட்கிறது. “ஐயா, கையை உள்ள போடுங்க, படத்துல விழுது.” கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு உள்ளே போனது. அதே குரல் அடுத்து, “ஆங், அப்படியே இருங்க. நல்லாருக்கு” என்றது.

அந்தக் குரல் என்னுடையது. அந்தச் சமயத்தில் எனக்கு அவள் சொன்ன பேச்சே நினைவுக்கு வரவில்லை. ஒரு கை என் படத்தைக் கெடுக்கிறது என்று மட்டும்தான் தோன்றியது. நினைவு வந்தபோது துணியை விலக்கிவிட்டார்கள். அன்றைக்கே மெமரி கார்டைக் கழற்றி மருந்து டப்பாவுக்குள் வைத்தேன். நாலு நிமிஷத்தை வெட்டி எடுத்ததும், நான் எதையும் பார்க்கவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னதும், தங்களை வரவழைத்து அவளிடம் கையெழுத்து வாங்கப் பார்த்ததும் எதற்காக என்று இனி விளக்க வேண்டியதில்லை.

டப்பாவைத் திறந்து அவளுக்குப் போட்டுக் காட்டினேன். அவள் முதலில் அழவில்லை. “தூக்கியிருக்கார்” என்றாள். தான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவள் முகத்திலிருந்து ஒரு கணம் ஒரு பாரம் இறங்கியது. பிறகு என் குரல் வந்தது. எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தத் தாளை நான் கிழித்தேன். கார்டை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். அது யார் குரல் என்று கேட்டார், சொன்னேன். குடத்தை நகர்த்தச் சொன்னதையும், நடுவில் ஓட்டை என்று சொன்னதையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். நாளை காலை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். பெட்டியில் மாற்றுத் துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகவே மேலே எழுதியதில் ஒரு வரியைக்கூட நம்ப வேண்டாம். அவளைக் கையெழுத்துப் போடவைக்க வராதீர்கள். சும்மா வாருங்கள். வந்து அவள் பக்கத்தில் உட்காருங்கள், பேச்சு தானாக வரும். சாவி எதிர்வீட்டில் இருக்கும்.

அதிகாரியிடமிருந்து திரும்பும் வழியில் தையல்காரர் வீட்டுக்கும் போனேன். கேமராவில் ஒரு நகல் வைத்திருந்தேன். தூங்குகிற மாதிரி போனார் என்று நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டு, அவர் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். இரண்டில் ஒன்று நடந்திருந்தால் தேவலை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். என் குரல் வந்த இடத்தில், “யார் எது சொன்னாலும் கேட்டுக்குவாரு” என்றார். பிறகு, “அதை இன்னொரு தடவை போடுங்க. கையைத் தூக்குற இடம் மட்டும்” என்றார்.

போட்டேன். அவர் போதும் என்று சொல்லும்வரை போட்டேன்.